பழைய காருக்குப் புதுச் செலவு!

விலை பேசியாகிவிட்டது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அட்வான்சாகப் பத்தாயிரமும் கொடுத்தாகிவிட்டது. மாமனாரிடம் கொஞ்சம், சீட்டுப் பணம் கொஞ்சம், பாக்கிக்கு லோன் என்று புரட்டிக் கொண்டு கார் கடைக்குப் போய் நிற்கிறார் ஒரு கிளார்க். வெளியே மனைவியும் பிள்ளைகளும் காரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் மேஜை டிராயரில் இருந்து இன்னொரு சீட்டு வெளியே வருகிறது.

ஆர்.சி. பெயர் மாற்றம் 8 ஆயிரம். டாக்குமெண்ட் சார்ஜ் 5 ஆயிரம். சர்வீஸ் சார்ஜ் 3 ஆயிரம். ஆபீஸ் செலவு 2 ஆயிரம். ஆக மொத்தம் 18 ஆயிரம்.

"என்ன சார் இது, பேசும்போது சொல்லவே இல்லியே?"

"எல்லாரும் குடுக்கறதுதான் சார். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சும்மா வேலை நடக்குமா? வேணாம்னா விட்டுடுங்க. ஆனா அட்வான்ஸ் திரும்ப வராது."

கிளார்க் வெளியே பார்க்கிறார். பையன் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். பணத்தை எண்ணி வைத்துவிட்டு சாவியை வாங்கிக் கொள்கிறார்.

தொகை கடைக்குக் கடை மாறும். பேச்சு மட்டும் மாறுவதில்லை. சென்னையில் வடபழனியோ, வேளச்சேரியோ, அண்ணாநகரோ, பழைய கார் கடை இல்லாத பெரிய ரோடு இன்றைக்குக் குறைவு. புதுக் கார் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால் நடுத்தரக் குடும்பங்கள் இந்தக் கடைகளைத்தான் நம்பி வருகின்றன. யோக்கியமாக வியாபாரம் செய்கிறவர்களும் அதில் உண்டு. ஆனால் விலை பேசி முடிந்த பிறகு சீட்டு நீட்டும் பழக்கம் பரவிவிட்டது. அதைக் கேட்பார் இல்லை.

நிஜக் கட்டணம் எவ்வளவு?

பெயர் மாற்றத்துக்கு அரசு வாங்கும் பணம் ரகசியம் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளில் அச்சிட்டுப் போட்டிருக்கிறார்கள். 2016 டிசம்பர் கடைசியில் திருத்திய பட்டியல்படி சொந்த உபயோகக் காரைப் புதிதாகப் பதிவு செய்ய ரூ.600. பெயர் மாற்றத்துக்கு அதில் பாதி. அதாவது ரூ.300! ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்றால் ரூ.150.

ஸ்மார்ட் கார்டுக்கு ரூ.200. லோனில் வாங்கினால், கடன் கொடுத்த கம்பெனியின் பெயரை ஆர்.சி.யில் ஏற்ற ரூ.1,500. இத்துடன் மாநில அரசு வாங்கும் சில்லறை சேவைக் கட்டணம். லோன் கார் என்றாலே பெரிய கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தால் 2 ஆயிரம்தான் வருகிறது. ரொக்கத்துக்கு வாங்கிய கார் என்றால் ஐந்நூறு. இதற்கு எட்டாயிரம் வாங்கினால் மிச்சப் பணம் எங்கே போகிறது?

நியாயமாகவே செலவு கூடும் இடங்களும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். வெளிமாநிலக் கார் என்றால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அது பெரிய தொகை. 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் ஒரேயடியாக ரூ.5 ஆயிரமாக ஏற்றிவிட்டார்கள். அபராதச் சலான் பாக்கி இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அரசு ரசீது உண்டு. ரசீதைக் காட்டிப் பணம் கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. "டாக்குமெண்ட் சார்ஜ்", "ஆபீஸ் செலவு" என்பதற்குத்தான் ரசீது கிடையாது. ஏன் என்றால் அப்படி ஒரு கட்டணம் எந்த ஆபீசிலும் கிடையாது.

"ஆள் அனுப்பறோம், அவன் ஒரு நாள் பூரா அங்க நிக்கறான், அவனுக்குச் சம்பளம் யார் தருவா?" என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். சம்பளம் தர வேண்டியதுதான். கடை வாடகை, கரண்டு பில், காரைக் கழுவும் பையனின் கூலி எல்லாவற்றையும் காரின் விலையில் வைத்துத்தானே விற்கிறார்கள்? இந்த ஆளின் கூலியையும் அதில் வைத்துச் சொல்லட்டும். மூன்று நாற்பது என்று ஆசை காட்டிவிட்டு மூன்று ஐம்பத்தெட்டு வாங்குவதற்குப் பதில், முதலிலேயே மூன்று ஐம்பத்தெட்டு என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பயத்தில்தான் அட்வான்ஸ் கை மாறும் வரை வாயைத் திறப்பதில்லை.

ஜி.எஸ்.டி. பூச்சாண்டி

இன்னும் சில பலே ஆசாமிகள் இருக்கிறார்கள். "பழைய காருக்கு 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. வந்துடுச்சு சார், பேப்பர்லயே போட்டானே" என்று முழு விலைக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

பேப்பரில் போட்டது நிஜம். 2024 டிசம்பர் 21-ந்தேதி ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், சிறிய பழைய கார்களுக்கு 12 சதவீதமாக இருந்த வரியை மற்றவற்றைப் போலவே 18 ஆக்கியது. ஆனால் அந்த வரி காரின் முழு விலைக்கு அல்ல. வியாபாரிக்கு நிற்கும் லாபத்துக்கு மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு காரை 3 லட்சத்துக்கு வாங்கி 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்றால் லாபம் 40 ஆயிரம். அதற்கு 18 சதவீதம் 7 ஆயிரத்து 200 ரூபாய். முழு விலைக்குக் கணக்குப் போட்டால் 61 ஆயிரத்து 200! இடையில் நிற்கும் 54 ஆயிரம் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைத்துக் கொண்டு வாங்குபவர் பணம் கட்டிவிட்டுப் போகிறார். நஷ்டத்துக்கு விற்ற காருக்கு வரியே கிடையாது. ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு, தெரு முனையில் நின்று பேசி விற்றாலும் கிடையாது.

ஜி.எஸ்.டி. கேட்கிற கடையில் ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

இரண்டு பக்கமும் வசூல்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் இரண்டு பக்கமும் வசூல் செய்கிறது. வாங்க வந்தவரிடம் பெயர் மாற்றத்துக்குப் பணம். காரைக் கொடுத்துவிட்டுப் போனவரிடமும் "ஆர்.சி. மாறினப்புறம் தர்றேன்" என்று ஒரு தொகை பிடித்து வைக்கப்படுகிறது. ஒரே வேலைக்கு இரண்டு பேரின் பணம் கடையில் நிற்கிறது. லோன் போட்டுக் கொடுத்தால் பைனான்ஸ் கம்பெனியிடம் கமிஷன், இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தால் அங்கேயும் கமிஷன். இத்தனைக்கும் மேலேதான் அந்த 'சர்வீஸ் சார்ஜ்'.

சரி, பணம்தான் போனது, வேலையாவது நடந்ததா? வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

பெயர் மாற்றத்துக்குப் பணம் வாங்கிய பல கடைகள் பெயரை மாற்றுவதில்லை. காரைக் கொடுத்தவரிடம் 29, 30-ம் நம்பர் பாரங்களில் எதையும் நிரப்பாமல் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். கார் ஒரு கடையில் இருந்து இன்னொரு கடைக்கு, அங்கிருந்து வெளியூருக்கு என்று கை மாறிக் கொண்டே போகிறது. கையெழுத்துப் போட்ட காகிதமும் கூடவே போகிறது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பழைய ஆளின் பெயர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கடையில் பணம் கட்டிவிட்டோம், அவர்கள் பார்த்துக் கொள்வார்கள் என்று இரண்டு பேரும் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

பிறகு ஒரு நாள் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும்.

சிக்னலைத் தாண்டியது போன்ற சலான்களாக இருந்தால் பணத்தோடு போகும். விபத்து என்றால்? 2007-ல் காரை விற்றுவிட்டதாகச் சொன்ன ஒருவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கார் அதற்குப் பிறகு பல கை மாறியது. 2009-ல் அந்தக் கார் பின்னோக்கி வந்து மோதியதில் ஒரு உயிர் போய்விட்டது. ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2018 பிப்ரவரி 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு. அடிபட்ட குடும்பம் கார் யார் யார் கைக்குப் போனது என்று தேடிக் கொண்டு அலைய முடியாது என்பது கோர்ட்டின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காரை விற்ற ஆசாமியின் கதியை நினைத்துப் பாருங்கள். எப்போதோ விற்ற கார், யாரோ ஓட்டிய கார், தண்டம் இவர் தலையில்.

இதைவிடக் கொடுமையும் நடந்தது. 2025 நவம்பர் 10-ந்தேதி டெல்லி செங்கோட்டை அருகே வெடித்துப் பலரைப் பலி வாங்கிய கார், இப்படிக் கை மாறி வந்த பழைய கார்தான். போலீசார் முதலில் பிடித்து விசாரித்தது ஆர்.சி.யில் பெயர் இருந்த குர்கான்காரரைத்தான். அவர் அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்டிருந்தார். முன்னூறு ரூபாய்க் கட்டணத்தில் முடிய வேண்டிய ஒரு வேலையைத் தள்ளிப் போட்டால் அது எங்கே கொண்டு போய் நிறுத்தும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வாங்கியவருக்கும் ஆபத்து உண்டு. பெயர் மாறாத காரில் மோதல் நடந்து, சொந்தக் கார் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்டால், பாலிசி பழைய ஆள் பெயரில் இருக்கிறது என்று கம்பெனி கை விரிக்கும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும் காரோடு கூடவே வரும். சொந்தச் சேதத்துக்கானது வராது. அதைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற தள்ளுபடி பழைய ஆளோடு போய்விடும், காரோடு வராது. "போனஸோட சேர்த்துத் தர்றோம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

விதி இருக்கிறது, கடை கடையாகப் பார்க்க ஆள் இல்லை

மத்திய அரசு இதற்கு ஒரு விதி கொண்டு வந்தது. 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமல். அதன்படி பழைய வண்டி வியாபாரி ஒவ்வொருவரும் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். அது 5 வருடம் செல்லும். காரை உரிமையாளர் கடையில் விட்டவுடன் 29-சி என்ற பாரத்தில் அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். அந்த நிமிஷம் முதல் காருக்குப் பொறுப்பு கடைக்காரர். அவர் உரிமையாளராகவே கருதப்படுவார். பெயர் மாற்றம், பதிவு புதுப்பிப்பு, டூப்ளிகேட் ஆர்.சி. எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். சோதனை ஓட்டம், ரிப்பேர், பெயிண்ட் போன்ற வேலைகளுக்குத் தவிர காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. எடுத்துப் போன ஒவ்வொரு தடவையும் கணக்கு எழுத வேண்டும்.

நல்ல விதி. கிளார்க் காரை வாங்கிய கடையில் அந்த அங்கீகாரச் சான்று சுவரில் தொங்குகிறதா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? காய்கறிக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருகிறார். லட்சக்கணக்கில் புரளும் கார் கடைக்கு வருவதில்லை.

கட்டணத்தை மறைத்து வைத்து முதுகில் ஏற்றுவது உலகம் முழுவதும் உள்ள வியாதிதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கார் கடைக்காரர் காகித வேலைக்கு 85 டாலருக்கு மேல் வாங்க முடியாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல், கட்டாயமாகக் கட்ட வேண்டிய எந்தக் கட்டணமும் விளம்பர விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று சட்டம். நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. ஓட்டல் பில்லில் தானாகவே 'சர்வீஸ் சார்ஜ்' சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. 2025 மார்ச் 28-ந்தேதி டெல்லி ஐகோர்ட்டு அது செல்லும் என்றது. நாற்பது ரூபாய் தோசைக்குக் கிடைத்த நியாயம் நாலு லட்ச ரூபாய் காருக்குக் கிடைக்க வேண்டாமா?

செல்போனில் கார் விற்கும் பெரிய கம்பெனிகளுக்கு இன்னொரு கடிவாளமும் உண்டு. முதலில் ஒரு விலை காட்டிவிட்டுக் கடைசியில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது 2023 நவம்பர் வழிகாட்டுதல்படி ஏமாற்று வேலைகளின் பட்டியலில் இருக்கிறது. ரோட்டோரக் கடைக்கும் அதே அளவுகோலை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

வாங்கப் போகிறவர் செய்ய வேண்டியது

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "கார் கைக்கு வர, என் பேருக்கு ஆர்.சி. வர, எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, அதைக் கடையின் பெயர் அச்சிட்ட காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். எத்தனை நாளில் பெயர் மாறும், மாறாவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். காரின் நம்பரை அரசின் பரிவாகன் செயலியில் அடித்தால் இன்சூரன்ஸ் எதுவரை, பதிவு எதுவரை, சலான் பாக்கி இருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் கடைக்காரரின் போன் நம்பரைப் போட விடாதீர்கள். உங்கள் நம்பரைப் போடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்து வரும் தகவல் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். விற்கிறவர்களும் நிரப்பாத பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். காரை விட்ட தேதி, மணி இரண்டையும் எழுதி, கடைக்காரர் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

ஏமாந்துவிட்டால்? பில் கொடுக்காமல் பணம் வாங்குவதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டாயிரத்துக்காக யார் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரரும் அதைக் கணக்குப் போட்டுத்தான் பதினெட்டாயிரம் என்று வைக்கிறார், எண்பதாயிரம் என்று வைப்பதில்லை.

போக்குவரத்துத் துறை செய்ய வேண்டிய வேலை பெரிய வேலை அல்ல. அங்கீகாரம் வாங்கிய கடைகள் எவை என்று ஏரியா வாரியாகப் பட்டியல் போட வேண்டும். அதில் இல்லாத கடையை மோட்டார் வாகன ஆய்வாளர் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ரூ.300, ஸ்மார்ட் கார்டுக்கு ரூ.200, லோன் பதிவுக்கு ரூ.1,500 என்று ஒவ்வொரு கார் கடையிலும் வாங்குபவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே பலகை மாட்ட உத்தரவு போட வேண்டும். அதற்கு மேல் வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன வேலை என்று பில்லில் எழுதச் சொல்ல வேண்டும். பில் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் வணிகவரித் துறைக்கு இருக்கிறது. இரண்டு துறையும் சேர்ந்து மாதத்துக்கு ஒரு ரோடு என்று எடுத்துக் கொண்டாலே போதும். நூறடி ரோட்டில் இருந்து தொடங்கலாம்.